நாற்பத்தாறு நாளும் நாற்பது ஆண்டும்

[விருதுநகர் தேசபந்து மைதானத்தில், தியாகி சங்கரலிங்கனார் நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை]



அக்டோபர் 13 — இந்த ஊர் தலைகுனிந்து நின்று, பிறகு தலைநிமிர்ந்த நாள். 1956ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் உண்ணா நோன்பு தொடங்கினார் ஒரு பெரியவர். இதே தேசபந்து மைதானத்திலே படுத்துக் கிடந்தார். நம்முடைய கழகத்தைச் சேர்ந்தவரல்லர், காந்தியார் வழி நின்றவர், கதராடை உடுத்தியவர். அவர் கேட்டது பதவியா? பணமா? பிள்ளைக்கு வேலையா? இல்லை. பிறந்த நாட்டுக்குப் பெயர் கேட்டார். 'தமிழ்நாடு' என்று அழையுங்கள் என்று கேட்டார். கோரிக்கைகள் வேறு சிலவும் இருந்தன, முதன்மையானது இது. அக்டோபர் 13ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. 1967ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அண்ணா அவர்கள் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்த பிறகு, 1969ஆம் ஆண்டு பொங்கல் திருநாளிலேதான் அந்தப் பெயர் சட்டப்படி இந்த மண்ணிலே ஏறி அமர்ந்தது.

நாட்டுக்குப் பெயர் இல்லையே என்று ஒரு மனிதர் செத்த ஊர் இது. ஆகவேதான், பெயர் இருந்தும் நாடு இல்லாத மக்களைப் பற்றி இந்த ஊரிலே, இந்த நாளிலே, இந்த மேடையிலே பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாலத்தைப் பற்றிப் பேசவேண்டும். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், பொறியியல் அறியேன், நாடகம் எழுதிப் பிழைப்பவன். ஆனால், பாலத்தின் கதை பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. அதன்மேல் நடந்தவர்களுக்கு உரியது. அதற்குக் கீழே நீந்தியவர்களுக்கு உரியது.

பாம்பன் பழைய இரயில் பாலத்தைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாளோடு அதன்மீது இரயில் ஓடுவது நின்றது. பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்தது. 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமர் வந்து திறந்து வைத்தார். மின்சாரத்தால் மேலெழும் பாலம், 72.5 மீட்டர் நீளக் கண் ஒன்று அப்படியே செங்குத்தாக உயர்கிறது. நல்ல வேலை. நம் நாட்டுப் பொறியாளர் கைத்திறன், பாராட்டுவோம். பழைய பாலம் என்ன ஆயிற்று? துருவேறிய இரும்பு, பிரித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். உழைத்துத் தேய்ந்தவனை ஓரமாய்ப் போ என்பது உலக வழக்கந்தானே!

'கடலிலே கிடக்கும் பாலத்துக்கும் கரிசல் காட்டு விருதுநகருக்கும் என்னய்யா உறவு?' என்று கேட்பீர்கள். உறவு உண்டு, உறுதியான உறவு உண்டு. இதோ, நமது ஊர் இரயில் நிலையம். விருதுபட்டி என்ற பெயரிலே தொடங்கிய நிலையம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876ஆம் ஆண்டு வண்டி ஓடத் தொடங்கிய நாள் முதல், இலங்கைக்குப் போகவேண்டியவர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். சென்னையிலிருந்து 'போட் மெயில்' புறப்படும். திருச்சி, மதுரை, விருதுபட்டி, மணியாச்சி கடந்து தூத்துக்குடி சேரும். அங்கே கப்பல் ஏறினால் கொழும்பு. பாம்பன் பாலம் வரும்வரையிலே கடல் கடந்தவர்களின் கடைசித் தமிழ்நாட்டுக் காட்சி, நமது பருத்திச் செடியும், மிளகாய்க் காயலும், கருவேல முள்ளும்தான்!

யார் போனார்கள்? வணிகர்கள் போனார்கள், அவர்கள் முதல் வகுப்பு. உத்தியோகத்தர் போனார்கள், அவர்கள் இரண்டாம் வகுப்பு. மழை பொய்த்தபோதெல்லாம், மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே மூட்டைகளோடு மூட்டைகளாகப் போனவர்கள், காணி நிலமற்றவர்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலும், மதுரைச் சீமையிலும், நெல்லைச் சீமையிலும், திருச்சி, தஞ்சைச் சீமைகளிலும் பிறந்தவர்கள். சேரிகளிலும் குடிசைகளிலும் வாழ்ந்தவர்கள். கங்காணி வந்தான், முன்பணம் கொடுத்தான், தேங்காய் மாசி தேயிலைத் தூரிலே விளைகிறது என்று கதை சொன்னான். நம்பினார்கள். ஊரிலே நம்புவதற்கு வேறு எதுவும் இல்லாததாலே நம்பினார்கள்!

இரயிலும் கப்பலும் வராத நாட்களிலே அவர்கள் நடந்து போனார்கள். இராமேசுவரக் கரையிலிருந்து தோணியிலே மன்னார். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்கள் ஆயிரம் ஆயிரம். அந்தக் காட்டு வழிக்கு மாற்றாக வந்ததுதான் தூத்துக்குடிப் பாதை. தட்டப்பாறையிலே தடுத்துவைக்கும் முகாம். அதற்கும் குறுக்கு வழி கண்டுபிடித்தான் வெள்ளைக்காரன். பாம்பன் நீரிணையிலே பாலம் போடு. தனுஷ்கோடி வரையிலே இரயிலை ஓட்டு. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ இருபத்திரண்டு மைல். கப்பல் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்!

1911ஆம் ஆண்டு ஆகஸ்டிலே வேலை தொடங்கினார்கள். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கண்கள். நடுவிலே கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம். சிக்காகோ நகரத்துச் செர்சர் என்பவன் கண்ட முறை. இங்கிலாந்து ஹெட் ரைட்சன் கம்பெனி செய்தனுப்பிய இரும்புச் சட்டப் பின்னல். இரண்டு கைகள், ஒவ்வொரு கையும் ஏறத்தாழ நானூறு டன். கப்பல் வரும்போது அந்த இரு கைகளும் வணக்கம் சொல்லப் பிரிவது போல மேலெழும். எழுப்பியது நீராவியா? மின்சாரமா? இல்லை. மனிதன்! கூலித் தோழர்கள் நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி, நூறாண்டுக்கு மேல் எழுப்பினார்கள். இரும்பை அரிக்கும் உப்புக்காற்றிலே, உலகத்திலேயே மிகக் கொடிய கடற்காற்று வீசும் இடங்களிலே ஒன்று என்று பொறியாளர்கள் சொல்லும் இடத்திலே, அந்தப் பாலம் நூற்றெட்டு ஆண்டு உழைத்தது.

நான் நாடகக்காரன் என்று சொன்னேனல்லவா? எனக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. நீதிமன்றம். நடுவர் அமர்ந்திருக்கிறார். வழக்கறிஞர் எழுகிறார். கூண்டிலே ஏறி நிற்கிறது — பாலம்!

'சாட்சியின் பெயர்?'

'பாம்பன் பாலம்.'

'தொழில்?'

'சுமப்பது.'

'யாரைச் சுமந்தாய்?'

'பக்தர்களைச் சுமந்தேன், பாவம் போக்கப் போனார்கள். வணிகர்களைச் சுமந்தேன், இலாபம் தேடிப் போனார்கள். துரைமார்களைச் சுமந்தேன், தோட்டம் பார்க்கப் போனார்கள். இவர்களையெல்லாம்விட அதிகமாகக் கூலிகளைச் சுமந்தேன்.'

'அவர்கள் எதைத் தேடிப் போனார்கள்?'

'சோற்றை.'

'அவர்களை எப்படி அடையாளம் கண்டாய்?'

'கண்டுகொள்வதா கடினம்? என் காலடியிலே, மண்டபம் முகாமிலே, அவர்களை நாள்கணக்கில் அடைத்து வைப்பார்கள், அம்மை குத்துவார்கள், மருந்து நீரிலே குளிப்பாட்டுவார்கள். தோட்டத்தின் பெயரும் எண்ணும் வெட்டிய தகரத் துண்டைக் கையிலே கொடுப்பார்கள். முதல் வகுப்புக்காரன் கழுத்திலே தங்கச் சங்கிலி. இவன் கழுத்திலே தகரத் துண்டு!'

'அந்தத் துண்டுக்கு விலை உண்டா?'

'உண்டு. வழிச் செலவு முழுவதும் அவன் பேரிலே கடனாக ஏறும். என்னைத் தாண்டும்போதே அவன் கடனாளி.'

'அவர்களிலே எத்தனை பேர் திரும்பினார்கள்?'

இந்தக் கேள்விக்குப் பாலம் பதில் சொல்லவில்லை. நடுவர் அவர்களே, சாட்சி அழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்!

தோழர்களே! சிரிக்கவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். பதில் சொல்லாத அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போவோம்.

போனவர்கள் காட்டை வெட்டினார்கள். முன்பு காப்பி, பிறகு தேயிலை. அட்டை கடித்தது, குளிர் கடித்தது, கங்காணியின் கணக்குக் கடித்தது. அந்த இரத்தத்திலே இலங்கை செழித்தது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரியிலே இலங்கைக்கு விடுதலை வந்தது. விடுதலை பெற்ற நாடு அதே ஆண்டிலே செய்த சட்டங்களிலே ஒன்று என்ன தெரியுமா? குடியுரிமைச் சட்டம். 'உன் தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா' என்றது. லயத்துக் கூரையின்கீழ் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எங்கே? தகரத் துண்டைத்தான் காட்டமுடியும்! 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஏழு உறுப்பினர்களை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், ஒரு பேனாவின் கீறலிலே நாடற்றவர்கள் ஆனார்கள்; வாக்கற்றவர்கள் ஆனார்கள்.

இங்கே இன்னொரு பாலத்தையும் நினைவூட்ட வேண்டும். சங்கரலிங்கனார் கண்மூடி நாற்பத்தோராம் நாள். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், நமது ஊர் வழியே போகவேண்டிய வண்டி, விடியற்காலையிலே அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. வெள்ளம் அரித்த பாலம். வண்டி ஆற்றுக்குள் சாய்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நமது கழகம் அன்று ஊர் ஊராக நீதி கேட்டது. இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பை ஏற்றுப் பதவியிலிருந்து விலகினார். எதிர்க்கட்சிக்காரனாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்: பெருந்தன்மை! பாலம் உடைந்தால், உடைத்தது வெள்ளம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாத மனிதர்.

ஆனால், அதே சாஸ்திரியார் பிரதமர் நாற்காலியிலே அமர்ந்து 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டார். எதிரே அமர்ந்து கையெழுத்திட்டவர் இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயகா. பங்கீடு எப்படி? நாடற்றவர்கள் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம்! பத்தாண்டு கழித்து, 1974இலே, அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடும்போதுகூட, எந்த ஆடு எந்தக் குட்டிக்குத் தாய் என்று இடையன் பார்ப்பான். இங்கே பார்த்தவர்கள் எண்ணை மட்டும் பார்த்தார்கள். அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றிலே பாலம் உடைந்ததற்காக அழுத இதயம், கடலைத் தாண்டி ஒரு மக்கட்கூட்டம் உடைக்கப்பட்டபோது கணக்குப் புத்தகமாக மாறியது ஏன்? தனி மனிதரைக் குறைசொல்லவில்லை. தில்லிப் பீடத்திலே அமர்ந்தால், தெற்கே உள்ளவன் மனிதனாகத் தெரியாமல் எண்ணிக்கையாகத் தெரிகிறானே, அந்தப் பார்வையைக் குறைசொல்கிறேன்!

அந்தக் கையெழுத்தின் மை காய்ந்து ஐம்பத்து மூன்றாம் நாள். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒரு பயணி வண்டி புறப்பட்டது. வண்டி எண் 653. உள்ளே நூற்றுக்கு மேற்பட்டவர்கள். புயல் அடித்தது. கடல் எழுந்தது. தனுஷ்கோடி கண்ணுக்கெட்டும் தூரத்திலே இருந்தபோது, வண்டியை முழுசாக விழுங்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. இரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், கோயில், மாதாகோயில் — எல்லாவற்றையும் கடல் சமமாக நடத்தியது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

பாலம்? நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கண்களின் இரும்பு உத்திரங்களை அலை பெயர்த்தெடுத்துக்கொண்டு போயிற்று. தூண்கள் நின்றன. நடுவிலே தூக்குப்பாலம் நின்றது. செர்சரின் இரு கைகளும் அசையாமல் நின்றன!

இனிமேல்தான் கதையின் உயிர்நிலை. கவனியுங்கள். பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று இரயில்வே கெடு வைத்தது. மேலதிகாரி மூன்று மாதம் என்று குறைத்தார். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன். பிற்காலத்திலே கொங்கண் இரயிலுக்கும் தில்லி மெட்ரோவுக்கும் பெயர் பெற்றவர். புதிய உத்திரங்கள் செய்யவேண்டுமானால் வெளியிலிருந்து எஃகு வரவேண்டும், மாதக்கணக்கு. அப்போது கரையோர மீனவர்கள் சொன்னார்கள்: 'உங்கள் உத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை, இதோ, இந்தக் கடலடியிலேதான் கிடக்கின்றன.' பொறியாளர் படித்த புத்தகத்திலே அந்தப் பக்கம் இல்லை. மீனவன் படித்த கடலிலே இருந்தது. அலை கொண்டுபோன இரும்பை அலையிடமிருந்தே திரும்ப வாங்கினார்கள். பழைய தூண்மேல் பழைய உத்திரத்தை ஏற்றினார்கள். எத்தனை நாள்? நாற்பத்தாறு நாள்!

நாற்பத்தாறு நாள், தோழர்களே! தனுஷ்கோடி வண்டி மட்டும் மறுபடி ஓடவில்லை. இராமேசுவரத்தோடு பாதை நின்றது. ஆனால், பாலம் எழுந்தது. கடலைத் தாண்டி இரயில் போயிற்று. இயற்கை இடித்ததை இந்திய அரசு நாற்பத்தாறே நாளில் எழுப்ப முடிந்தது. ஏன் முடிந்தது? முடிக்க வேண்டும் என்று முடிவு செய்ததாலே முடிந்தது. இந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சிலே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இதையே ஆயுதமாக எடுக்கப் போகிறேன்.

எழுப்பிய பாலத்தின்மேல் என்ன வந்தது? சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் மக்கள் வந்தார்கள்! தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலிலே இராமேசுவரம். இராமேசுவரத்திலிருந்து இரயிலிலே பாம்பன் பாலம். பாலம் தாண்டினால் அதே மண்டபம் முகாம். பாட்டன் எந்த முகாமிலே அம்மை குத்திக்கொண்டு கப்பலேறினானோ, அதே முகாமுக்குப் பேரன் திரும்பி வந்தான். பாட்டன் கையிலே தகரத் துண்டு. பேரன் கையிலே குடும்ப அட்டை. நீலகிரிக்குப் போனார்கள், கொடைக்கானல் மலைக்குப் போனார்கள், எங்கெங்கோ சிதறினார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1983ஆம் ஆண்டு ஜூலையிலே கொழும்பு எரிந்தது. 1984ஆம் ஆண்டோடு கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி வரவேண்டியவர்களில் பலர் அக்கரையிலேயே சிக்கினார்கள். உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தபோது, 'நீ ஒப்பந்தத்துக்காரன் இல்லை. அகதி' என்று முத்திரை குத்தினார்கள். ஒரே இரத்தம், ஒரே மலை, ஒரே லயம். கப்பலிலே வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். படகிலே வந்த தம்பி அந்நியன்! இது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாட்டு முகாம்களிலே ஏறத்தாழ ஐம்பத்தெட்டாயிரம் பேர். ஈழத்து மண்ணின் மைந்தர்களும் உண்டு, இந்திய வம்சாவளி மலையகத்தாரும் உண்டு. நெடுந்தொலைவு போகவேண்டாம். இந்த மைதானத்திலிருந்து மிதிவண்டியிலே போய்விடலாம், குல்லூர்சந்தை. சிவகாசிக்குப் பக்கத்திலே அனுப்பன்குளம். நம்மோடு சந்தைக்கு வருகிறார்கள். நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். நம் பிள்ளைகளோடு பள்ளியிலே அமர்கிறார்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறான். படித்து முடித்ததும் அரசு வேலைக்கு மனுப் போடப் போகிறான். 'நாட்டுரிமை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அந்த மனுவிலே — அங்கே அவன் பேனா நின்றுவிடுகிறது. சங்கரலிங்கனார் நாட்டின் பெயரை எழுத முடியவில்லையே என்று செத்தார். இந்தப் பிள்ளை நாட்டின் பெயரை எழுத முடியாமலே வாழ்கிறான்!

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாளுக்கு முன்பு இந்த மண்ணிலே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பருக்குப் பின் பிறந்தால், மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவராகவும் இருக்கக்கூடாது. முகாமிலே பிறந்து, முகாமிலே வளர்ந்து, முகாமிலேயே மணம் முடித்த பிள்ளைக்கு இதிலே எந்தக் கதவு திறக்கும்? 2019ஆம் ஆண்டு டிசம்பரிலே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தானிலிருந்து, வங்கதேசத்திலிருந்து, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவு திறந்தது. இலங்கை அண்டை நாடு அல்லவோ? முகாமிலே இருப்பவர்களிலே பெரும்பாலோர் இந்துக்கள்தாமே! மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பவர்கள், இந்த இந்துக்களை ஏன் மறந்தார்கள்? மறந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவர்கள் தமிழர்கள்!

2025ஆம் ஆண்டு செப்டம்பரிலே ஓர் ஆணை வந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாளுக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், உரிய தாள்கள் இல்லாவிட்டாலும் தண்டனைக்கு ஆளாகமாட்டார்களாம். நன்று, சிறைக்கதவு அடைக்கப்பட்டது, மகிழ்ச்சி. வீட்டுக்கதவு எப்போது திறக்கும்? தண்டிக்கமாட்டேன் என்பது மன்னிப்பு. அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள், மன்னிப்பதற்கு?

நம்மையும் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டிலே கழக அரசு, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. செப்டம்பரிலே குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறு என்று சட்டமன்றம் தீர்மானம் செய்தது. பெருமைப்படலாம். அதோடு படுத்துறங்கலாமா? கூடாது. பெயர் மாற்றம் முதற்படி என்பதை, பெயருக்காக உயிர்விட்டவரின் ஊர் நன்றாக அறியும். முகாமின் பெயர் மாறியது. முகாமிலே இருப்பவனின் நிலை மாறவில்லை.

எதிர்வாதம் வரும். 'போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டுமே' என்பார்கள். போக விரும்புகிறவர்களை வழியனுப்பி வைப்போம், தடுக்கவில்லை. ஆனால், மலையகத்திலிருந்து வந்தவனுக்கு அங்கே திரும்பிப் போக எந்த வீடு? அவன் லயத்திலே இன்று வேறொருவன் குடியிருக்கிறான். குல்லூர்சந்தையிலே பிறந்த பெண் யாழ்ப்பாணத்தைப் படத்திலேதான் பார்த்திருக்கிறாள். பிறந்த ஊரிலிருந்து பார்த்தறியாத ஊருக்கு அனுப்புவதற்குத் 'திரும்பிப் போதல்' என்றா பெயர்? இன்னொன்றும் சொல்கிறேன். 1948இலே உரிமையைப் பறித்த அதே இலங்கை, 2003ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, அங்கேயே தங்கிவிட்ட இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. பறித்தவனே திருப்பிக் கொடுத்துவிட்டான். 'என் பங்கு' என்று கையெழுத்திட்டு வாங்கியவன் கைவிரிக்கலாமா?

இப்போது அந்த வாக்கியத்தை எடுக்கிறேன். முடிக்க வேண்டும் என்று முடிவு செய்ததாலே முடிந்தது! புயல் பிய்த்த பாலத்துக்கு நாற்பத்தாறு நாள். மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவே அறுந்த பாலத்துக்கு நாற்பது ஆண்டு போதவில்லையா? அங்கே கடலடியிலே தேட வேண்டியிருந்தது. இங்கே எதைத் தேட வேண்டும்? பெயர்கள் பதிவேட்டிலே இருக்கின்றன, முகவரிகள் இருக்கின்றன, கைரேகை இருக்கிறது. இல்லாதது மனம் ஒன்றுதான்!

ஆகவே, கழகத் தோழர்களுக்கு மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று: அந்தப் பழைய பாலத்தின் எலும்பைப் பழைய இரும்பு வணிகனுக்கு எடைபோட்டுக் கொடுக்கவிடாதீர்கள். தூக்குப்பாலத்தின் இரு கைகளையும் மண்டபம் கரையிலே நிறுத்தச் சொல்லுங்கள். அதன்கீழே தகரத் துண்டு கழுத்திலே தொங்கக் கடல் கடந்தவர்களுக்கும், நெம்புகோல் சுற்றியவர்களுக்கும், உத்திரம் கிடந்த இடம் காட்டிய மீனவர்களுக்கும், 653ஆம் எண் வண்டியிலே மாண்டவர்களுக்கும் ஒரு காட்சியகம் வேண்டும். திறந்து வைத்த பெரிய மனிதரின் பெயரைக் கல்லிலே வெட்டுகிறோம். சுமந்தவன் பெயரை எங்கே வெட்டினோம்?

இரண்டு: முகாம் மக்களுக்குக் குடியுரிமை. சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தால் திருத்துங்கள். விதியைத் தளர்த்த வேண்டியிருந்தால் தளர்த்துங்கள். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கேட்பார்கள். வீதியிலே நாம் கேட்காவிட்டால் மன்றத்திலே அவர்கள் குரல் ஏறாது.

மூன்று: இது உங்களால் நாளைக் காலையிலேயே முடியும். மிதிவண்டியை எடுங்கள், முகாமுக்குப் போங்கள். கொடியை வெளியே நிறுத்திவிட்டுப் போங்கள். அவர்களுக்கு வாக்கில்லை, ஆகவே நமக்கும் அங்கே வாக்கு வேட்டை இல்லை! 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணிலே பிறந்தவர் யார், ஒப்பந்தப்படி விண்ணப்பித்த குடும்பம் எது, பாட்டனுடைய பழைய தாள் எந்தத் தகரப் பெட்டியிலே கிடக்கிறது — உட்கார்ந்து கேளுங்கள், எழுதுங்கள். கட்சி வழக்கறிஞர்களிடம் கொண்டுவாருங்கள். கடலோடி சொன்ன வார்த்தையை நினைவிலே வையுங்கள்: உத்திரம் எங்கும் போய்விடவில்லை; காலடியிலேதான் கிடக்கிறது!

வாக்கில்லாத மக்களுக்காக ஒரு கட்சி உழைப்பதா என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். இந்த மைதானத்திலே படுத்துக்கிடந்த கதராடைப் பெரியவர் எந்தத் தொகுதியிலே நின்றார்? எத்தனை வாக்கு வாங்கினார்? கணக்குப் போட்டிருந்தால் அவர் சாகமாட்டார். நமக்குப் பெயரும் இருக்காது.

நாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊரே! பெயருள்ளவர்களுக்கு நாடு கொடுக்கும் வேலையை நீயே தொடங்கு.